ஊரை இடித்துவிட்டுக் கட்டிய பொம்மை ஊர்

போன வருசம் கோடை விடுமுறைக்கு எங்களில் இரண்டு பேர் கனடா போய்வந்தோம். ஸ்காபரோவில் எங்களில் ஒருத்தியின் சித்தி வீட்டில் தங்கல். போய் இறங்கி, நித்திரை குழம்பிக் கிடந்த மூன்றாம் நாளே சித்தி சொல்லிவிட்டா: "ஞாயிற்றுக்கிழமை ஐலண்டுக்குப் போறம். நாங்கள் தீவார்தானே, தீவைக் கண்டால்தான் மனசு ஆறும்." சித்திக்குச் சொந்த ஊர் புங்குடுதீவு.

ஐலண்ட் என்பது ரொறன்ரோ நகரத்துக்கு நேர் முன்னால், ஒன்ராறியோ ஏரிக்குள் கிடக்கிற சின்னத் தீவுக்கூட்டம். கரையிலிருந்து ஃபெரியில் கால் மணித்தியாலம்கூட இல்லை. கூலர் பெட்டி, ரோல்ஸ், புளிச்சாதம், பாய், பந்து என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரிசையில் நின்றோம். முன்னுக்கும் பின்னுக்கும் எங்களைப் போலவே உலகத்தின் எல்லாப் பக்கத்துச் சனமும் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றது. உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அது நல்லாகத்தான் பிடித்தது. கொண்டோவில் அடைந்து கிடக்கிற குடும்பங்கள் புல்லில் பாயை விரித்து ஒரு நாள் காலை நீட்டிப் படுக்கிறதைப் பார்த்து யாருக்குத்தான் கோபம் வரும்?

கோபம் வந்தது பின்னேரம்.

பிள்ளைகளை சென்ரவில் என்கிற விளையாட்டுப் பூங்காவில் விட்டுவிட்டு நாங்கள் கிழக்குப் பக்கமாக நடந்தோம். அங்கே வோர்ட்ஸ் ஐலண்ட் என்கிற பகுதி. ஒடுங்கின ஒழுங்கைகள், சின்னச் சின்ன மரவீடுகள், வாசலில் பூக்கன்றுகள், சைக்கிள்கள், காய்கிற உடுப்புகள். தீவில் தனியார் கார் ஓட முடியாது. எங்களோடு வந்த மச்சான் ஒரு வீட்டு வேலியில் சாய்ந்து செல்பி எடுத்தான். திண்ணையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்தா, கையை மெல்ல உயர்த்திக் காட்டினா, கோப்பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டா. மச்சான் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் கேட்டது இதைத்தான்: "இவ்வளவு வடிவான இடத்தில ஏன் இந்தச் சனத்தை இருக்க விட்டிருக்கிறாங்கள்? எல்லாத்தையும் எடுத்துப்போட்டு முழுசாப் பார்க் ஆக்கினா எல்லாருக்கும் பிரயோசனம்தானே?"

இந்தக் கேள்வியை நாங்கள் முன்னமும் கேட்டிருக்கிறோம். குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுக்குப் போகிற படகில், யூலை ஆகஸ்டில் ஊருக்கு வருகிற சொந்தக்காரர் வாயால். ஆனால் அதற்குப் பிறகு வருவோம். முதலில் மச்சானுக்குப் பதில். ஏனென்றால் அவன் கேட்ட காரியம் அந்த ஏரித்தீவில் ஏற்கனவே ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது.

ரொறன்ரோத் தீவு ஒரு காலத்தில் தீவே இல்லை. ஸ்காபரோ மேட்டுநிலக் கரை அலையில் கரைந்து, அந்த மண்ணை ஏரி நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு வந்து குவித்த ஒரு மணல்நாக்கு அது. 1858இல் அடித்த புயல் அதைக் கரையிலிருந்து நிரந்தரமாக வெட்டிப் பிரித்தது. சித்தியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஸ்காபரோ மண்தானே, எங்கட மண்தான்" என்று சிரித்தா. அந்தச் சிரிப்புக்குள் ஒரு பிழையும் இருக்கிறது, அதற்கும் வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தத் தீவு முழுக்க ஊர் இருந்தது. கூடாரம் அடித்துக் கோடையைக் கழித்தவர்கள் மெல்ல வீடு கட்டினார்கள். சென்ரர் ஐலண்டில் மனிற்று வீதி என்று ஒரு கடைத்தெரு, அதில் ஹோட்டல்கள், கடைகள், படமாளிகை. மேற்கு முனையான ஹன்லன்ஸ் பொயின்றில் விளையாட்டரங்கு; பேப் ரூத் என்கிற பேர்போன பேஸ்போல் வீரர் தன் தொழில்முறை வாழ்வின் முதல் ஹோம் ரன்னை 1914இல் அங்கேதான் அடித்தார். 1930களின் கடைசியில் அந்தப் பக்கத்தில் விமான நிலையம் வந்தது. அங்கிருந்த வீடுகளில் ஒரு பகுதியை அல்கொன்குவின் என்கிற பக்கத்துத் தீவுக்கு நகர்த்தினார்கள்.

1953இல் ரொறன்ரோவுக்கும் சுற்றுப்புறங்களுக்கும் சேர்த்து ஒரு பெருநகர நிர்வாகம் உருவானது. தீவு அதன் கைக்குப் போனது. தீர்மானம் எளிமையானது: சனத்தை எழுப்பு, வீடுகளை உடை, பூங்கா ஆக்கு. குத்தகை முடிய முடிய வீடுகள் ஒவ்வொன்றாக உடைபட்டன. மனிற்று வீதியின் கடைத்தெரு இல்லாமல் போனது. அந்தக் காலத்துப் பூங்கா ஆணையாளர் ரொமி தொம்சன், "தயவுசெய்து புல்லின் மேல் நடவுங்கள்" என்று பூங்காவில் பலகை வைத்துப் பேர் எடுத்தவர். நல்ல பலகைதான். ஆனால் தீவில் அந்தப் புல் யாருடைய குசினிக்கு மேல் முளைத்தது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. 1970 வரும்போது கிழக்கு முனையில் வோர்ட்ஸ், அல்கொன்குவின் இரண்டிலுமாக ஏறக்குறைய 250 வீடுகள்தான் மிச்சம்.

இனி எங்களுக்கு வயிறெரிந்த இடம். வீடுகளையும் கடைத்தெருவையும் துடைத்தெடுத்த அதே சென்ரர் ஐலண்டில், 1960களில் ஒரு விளையாட்டுப் பூங்கா திறந்தார்கள். அதன் கருப்பொருள் என்ன தெரியுமா? நூறு வருசத்துக்கு முந்தின ஒன்ராறியோக் கிராமம்! பழைய காலத்துக் கடை மாதிரிக் கடை, பழைய காலத்து வீடு மாதிரி வீடு, குட்டி ரயில், 1907ஆம் ஆண்டுக் குதிரை இராட்டினம். எங்கட பிள்ளைகள் பஞ்சுமிட்டாயோடு ஓடித் திரிந்த சென்ரவில் அதுதான். உண்மையான ஊரை இடித்துவிட்டு, அந்த மண்ணிலேயே ரிக்கற் போட்டு ஒரு பொம்மை ஊர். கோடைப் பயணிக்கு ஊர் பிடிக்கும், ஊரில் சனம் இருந்தால் மட்டும் பிடிக்காது. உடுப்புக் காயப்போடுகிற, சண்டை பிடிக்கிற, வீட்டுக் கதவைச் சாத்துகிற சனம் படத்துக்குள் விழுந்தால் படம் கெட்டுவிடும்.

மிச்சம் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், வழக்குப் போட்டார்கள், நகரசபைக்கும் மாகாண அரசுக்கும் நடையாய் நடந்தார்கள். 1980 யூலை 28ஆம் திகதி வெளியேற்றல் கட்டளையோடு வந்த ஷெரிஃபை அல்கொன்குவின் பாலத்தடியில் சனம் திரண்டு நின்று மறித்தது. அவர் கட்டளையோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகும் பதின்மூன்று வருசம் இழுபட்டது. 1993இல்தான் மாகாணச் சட்டம் வந்தது. நிலம் பொது நிலமாகவே இருக்கும். வீட்டுக்காரருக்கு 99 வருசக் குத்தகை. ஒரு நம்பிக்கைச் சபை அதை நிர்வகிக்கும். வீட்டைச் சந்தையில் வைத்து விரும்பின விலைக்கு விற்க முடியாது. 500 பேர் கொண்ட காத்திருப்புப் பட்டியலில் முறை வருகிறவருக்கு, நிர்ணயித்த விலைக்குத்தான் விற்கலாம்.

இதைப் படிக்கிற சிலருக்கு இப்போது ஒரு கேள்வி வரும். எங்களுக்குள்ளேயே வந்து, ஓர் இரவு முழுக்கச் சண்டை பிடித்தோம். 2021 கணக்கெடுப்பிலேயே ஏறத்தாழ இருபத்தெட்டு இலட்சம் சனம் இருந்த நகரத்தில், வாடகை கட்ட ஏலாமல் நிலக்கீழ் அறையில் மூன்று குடும்பம் இருக்கிற நகரத்தில், 260 சொச்சம் வீட்டுக்காரர் மட்டும் ஏரிக்கரையில் பூக்கன்று நட்டுக்கொண்டு இருக்கிறது நியாயமா? பொது நிலத்தைச் சில குடும்பங்கள் பிடித்துவைத்திருக்கிறது என்பதற்கு வேறு பேர் இருக்கிறதா? ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்கிற எங்கட மாமா அந்தப் பட்டியலில் எப்போதாவது முறை காண்பாரா?

இது வெறும் பொறாமைக் கேள்வி இல்லை, நியாயம் உள்ள கேள்வி. இப்படிப் பூட்டின பட்டியல் வருசக்கணக்கில் ஒரே விதமான ஆக்களுக்குள்தான் சுற்றும் என்று சொன்னால், அதை மறுக்க எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எந்த இடத்தில் நின்று கேட்கப்படுகிறது என்று பாருங்கள். தீவிலிருந்து படகில் திரும்பும்போது நகரத்துக் கரை முழுக்கக் கண்ணாடிக் கொண்டோக் கோபுரங்கள் தெரியும். ஏரியைப் பார்க்கிற யன்னலுக்கு அங்கே எவ்வளவு விலை? அந்தக் கோபுரங்களைப் பார்த்து யாரும், "இவ்வளவு வடிவான கரையில ஏன் இவையளை இருக்க விட்டிருக்கு? உடைச்சுப் பார்க் ஆக்குங்கோ" என்று கேட்பதில்லை. 'எல்லாருக்கும் பொது' என்கிற வார்த்தை சந்தைக்கு விட்ட நிலத்துக்குக் கிட்டப் போவதில்லை. சந்தையிலிருந்து எடுத்துவைத்த நிலத்தில் குடியிருக்கிற சனத்தின் வீட்டுப் படியில்தான் அது வந்து நிற்கிறது. எங்கட மாமாவுக்கு வீடு கிடைக்காததற்குக் காரணம் அந்தக் கிழவியின் திண்ணை இல்லை. தீவில் இருக்கிற மாதிரி விலையைக் கட்டிவைத்த நிலம் ஸ்காபரோவில் இல்லாததுதான் காரணம். அதனால் எங்கட முடிவு இதுதான்: அந்த ஏற்பாட்டை உடைக்கக் கூடாது, அதை மற்ற இடங்களுக்கும் கேட்க வேண்டும்.

2017இல் ஒன்ராறியோ ஏரி வரலாறு காணாத அளவுக்குப் பெருகித் தீவுக்குள் வந்தது. பயணிகளுக்கு மே மாதம் தொடங்கி யூலை கடைசி வரைக்கும் தீவு பூட்டு. நாங்கள் என்றால் வேறு பூங்காவுக்குப் போயிருப்போம். அங்கே குடியிருந்தவர்கள் மண்மூட்டை அடுக்கித் தண்ணியை இறைத்துக்கொண்டு நின்றார்கள். தீவை நேசிக்கிறோம் என்று சொல்லுவது சுகம். தண்ணி வருகிறபோது யார் நிற்கிறார் என்பதுதான் கணக்கு.

சித்தியின் சிரிப்புக்குள் இருந்த பிழைக்கு வருவோம். பூங்காக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் முன்னமே அந்த மணல்நாக்கு மிசிசாகா முதற்குடிகளின் இடம். நோயாளிகளைக் கூட்டிவந்து ஆற்றிய புனித இடம் என்று அவர்கள் சொல்கிறார்கள். 1787இல் ஒரு பத்திரம், 1805இல் அதை உறுதிசெய்ய இன்னொன்று. ரொறன்ரோ நகரம் நிற்கிற பரந்த நிலத்துக்கு அந்த இரண்டாம் பத்திரத்தில் கொடுத்த விலை பத்துச் சில்லிங். 2010இல்தான் கனடா அரசு 145 மில்லியன் டொலருக்கு அந்தக் கோரிக்கையைத் தீர்த்தது. ஆகவே 1980இல் பாலத்தடியில் நின்றவர்களும் பூர்வகுடி இல்லை. நாங்கள் அவர்களைத் தெய்வமாக்கவில்லை. ஒரு சனத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தை 'வெறும் இயற்கை' என்று காட்டுகிற வேலை அந்தத் தீவில் ஒருமுறை மட்டும் நடக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறோம். நிலம் பறிபோன சனமாகிய நாங்கள், இன்னொரு சனத்திடம் பறித்த நிலத்தில் பாயை விரித்து ரோல்ஸ் சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, இப்ப குறிகட்டுவானுக்கு வாங்கோ.

நெடுந்தீவுப் படகு வெளிக்கிடுகிற அந்த இறங்குதுறை சித்தியின் புங்குடுதீவில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். யூலை ஆகஸ்டில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ட்ரோன் பெட்டியோடு கோடை விருந்தாளிகள். மற்றப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய் மருந்துப் பையோடு திரும்புகிற ஓர் ஆச்சி, அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டருமாக ஒரு குடும்பம், தீவில் படிப்பிக்கிற ரீச்சர்மார். சனம் கூடின ஒரு நாளில், எங்கட கண்ணுக்கு முன்னால், ஆச்சி ஏறின பிறகு இருக்க இடமில்லாமல் மூட்டைக்கு மேல் இருந்துதான் போனா. இருக்கையில் இருந்தது நாங்கள். எழும்பி இடம் விட எங்களுக்குக் கன நேரம் எடுத்தது. அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுத எங்களுக்குத் தகுதி இல்லை.

கரை இறங்கினால் என்ன பார்க்கிறோம்? குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, பவளக்கல் வேலி. எடுக்கிற வீடியோவுக்கு வைக்கிற தலைப்பு 'காலம் நின்றுபோன தீவு'. காலம் எங்கேயும் நிற்கவில்லை, மச்சான். தண்ணிக்குக் குடம் தூக்குகிற பெண்ணுக்குக் காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வயித்துவலி வந்த பிள்ளைக்கு அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று பார்க்கிற தகப்பனுக்குக் காலம் கனக்க ஓடுகிறது. உடைந்த வீடுகளைக் கண்டு 'வாவ், எவ்வளவு அமைதி' என்கிறோம். அந்த அமைதி தானாக வந்ததா? 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்கள் இதே கடலில் இதே வழியில் பயணம் போன சாதாரணச் சனம். 1990களின் தொடக்கத்தில் தீவகத்திலிருந்து சனம் ஊர் ஊராக எழும்பி ஓடியது. புங்குடுதீவில் கூரை இல்லாத கல்வீடுகளின் சொந்தக்காரர் பலர் இன்றைக்கு இருக்கிறது ஸ்காபரோவில். எங்கட தீவுகள் சனம் குறைந்து கிடக்கிறது இயற்கை அழகு இல்லை. அது நடந்த ஒன்றின் மிச்சம். அதற்கு முன்னால் நின்று போஸ் கொடுக்கிறபோது, எதற்கு முன்னால் நிற்கிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வெறுமையைப் பார்த்துத்தான் ஆசை வருகிறது. "இஞ்ச என்ன கிடக்கு, சும்மா கிடக்கிற காணிதானே, நாலு கபானா போட்டா வெள்ளைக்காரன் வருவான்." இதைச் சொல்லுகிறது கொழும்பு முதலாளி மட்டும் இல்லை. எங்கட பெரியப்பாமாரும் சொல்லுகினம். சும்மா கிடக்கிற காணி என்று ஒன்று இல்லை. வேலி தெரியாவிட்டாலும் அதற்கு ஆள் இருக்கிறது, மாடு மேய்கிற பாத்தியதை இருக்கிறது, வலை காய்கிற கரை இருக்கிறது.

சுற்றுலாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளி ஆள் வந்தால் ஓட்டோ ஓடுகிற பெடியனுக்குக் காசு, சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற அக்காவுக்குக் காசு, கருவாடு விற்கிற ஐயாவுக்குக் காசு. 'வராதேங்கோ' என்று யாழ்ப்பாண ரவுணில் இருந்துகொண்டு சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? நாங்கள் கேட்கிறது ஒழுங்கைத்தான். படகில் முதல் இடம் தீவில் இருக்கிறவருக்கு. நோயாளி, கர்ப்பிணி, பள்ளிக்கூடத்து ஆக்கள் ஏறினதற்குப் பிறகுதான் விருந்தாளி. நல்லதண்ணி குறைந்த ஊருக்குப் போகிறவன் தன் தண்ணியைக் கொண்டு போகட்டும், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வரட்டும். ஆளைக் கேட்காமல் ஆளின் முகத்தையும் வாசலையும் படம் எடுக்கக் கூடாது. கரையில் எதைக் கட்டுவதென்றாலும் கூட்டம் யாழ்ப்பாணத்து ஹோட்டலில் இல்லை, தீவில் நடக்கட்டும். தீவுச் சனம் வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்பதாக இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கட மச்சான் மச்சாள்மாருக்கு இன்னும் ஒரு வார்த்தை. அடுத்த யூலையில் வாங்கோ, சந்தோசமாக வாங்கோ. ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிற கண்ணுக்குத் தீவு எப்போதும் பூங்காவாகத்தான் தெரியும். ஏரியில் இருந்தாலும் கடலில் இருந்தாலும் அப்படித்தான். உங்கட ரொறன்ரோத் தீவில் அந்தக் கண்ணை நம்பி ஓர் ஊரை இடித்தார்கள். மிஞ்சினதைக் காப்பாற்றச் சனம் ஏறக்குறைய நாற்பது வருசம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எங்கட தீவுகளில் மிஞ்சியிருக்கிற சனத்துக்கு அவ்வளவு வருசம் மல்லுக்கட்டப் பலம் இருக்குமோ தெரியாது.

திரும்பிவருகிற படகில் சித்தியிடம் கேட்டோம், மனசு ஆறினதா என்று. "எங்கட வீட்டு வாசலில ஆரும் வந்து இப்பிடிப் படம் எடுப்பினமோ தெரியேல்லை" என்று மட்டும் சொன்னா. பிறகு கரை வரும்வரைக்கும் கதைக்கவில்லை.

எடுக்கினம் சித்தி. கூரை போன வீடென்றால் கட்டாயம் எடுக்கினம்.